பதினோராம் எண் கூண்டு

கடலூர்க்காரனிடம் கூண்டு என்று சொன்னால் கிளி ஞாபகம் வராது, புயல்தான் வரும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த கையோடு ஊரில் எழும் முதல் கேள்வி, "முதுநகர்ல எத்தினியாவது நம்பர் ஏத்தியிருக்காங்க?" என்பதுதான். துறைமுகத்துக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவானால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. ஒன்றும் இரண்டும் என்றால் தூரத்தில் எங்கோ. மூன்றும் நான்கும் நம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். சின்ன வயதில் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம்.

பத்தோடு முடியவில்லை. பதினொன்று என்று ஒன்று உண்டு, நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, அங்கிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை, ஆனால் நிலைமை மோசமாகும் என்று இங்கே இருக்கிற அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். அதாவது "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்களே உஷாராக இருந்துகொள்ளுங்கள்" என்பதற்கும் அந்தக் காலத்து ஆள் ஒரு எண் ஒதுக்கியிருக்கிறான்.

வாட்ஸ்அப்பில் இந்தப் பதினொன்று கிடையாது. யாருக்கும் எதுவும் தெரியாத நேரத்தில் அங்கே அமைதி வருவதில்லை, கையில் கிடைத்ததெல்லாம் வந்து விழும். சமூக வலைதளங்களின் கெடுதல் பற்றிப் பேசினால் எல்லோரும் பிள்ளைகள் கெட்டுப்போவதையும் கண் கெடுவதையும் சொல்கிறார்கள். அதுவும் இருக்கிறது, வருகிறேன். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எந்தச் செய்தியை நம்புவது என்கிற அடையாளத்தையே அது நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீட்டருக்கு மேல் மழை. அப்புறம் மழை மேற்கே நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று கொட்டியது. அந்தப் பக்கம் பெய்தால் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். அத்தனையும் தென்பெண்ணையில் விழுந்து சாத்தனூர் அணை வழியாகக் கடலூருக்குத்தான் வந்தாக வேண்டும், ஆறு கடலில் சேருவது தாழங்குடா பக்கம்.

என் தங்கை வீடு ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில். எங்கள் குடும்ப குரூப்பில் 64 பேர். அன்று மதியத்திலிருந்து அதில் வந்தவற்றைப் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அணை உடைந்துவிட்டது என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஒருவர் பேசும் குரல் பதிவு, இரண்டு தடவை. தண்ணீரில் பாதி முங்கிய பேருந்துப் படம், அதை நான் 2015 வெள்ளத்தின் போதே பார்த்திருக்கிறேன். பத்து நாளைக்கு மின்சாரம் வராது, போனை இப்போதே சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒன்று. பெட்ரோல் கிடைக்காது என்று ஒன்று. நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்து, ஒரு சாமி படம், யாரோ பையனுக்குப் பெண் தேடும் பயோடேட்டா. இவற்றுக்கு நடுவில்தான், அதே அளவில், அதே மாதிரிக் கட்டத்துக்குள், தென்பெண்ணைக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி சொல்லும் நிஜமான எச்சரிக்கையும் வந்து விழுந்தது.

பார்த்ததும் தங்கைக்கு போன் போட்டேன். "அண்ணே, காலையிலேர்ந்து இந்த மாதிரி பதினஞ்சு வந்துடுச்சு. அணை உடைஞ்சுபோச்சுன்னு சொன்னான், உடையலை. இது மட்டும் நெசமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அது யார் அனுப்பியது என்று பார்த்தால், ஒரு மச்சானுக்கு வேறொரு குரூப்பிலிருந்து வந்தது, அந்த குரூப்புக்கு எங்கிருந்தோ வந்தது. மறுநாள் அதிகாலையில் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கடைசியில் அவர்களைக் கிளப்பியது போன் இல்லை. உள்ளூர் ஆள் ஒருவர் கையில் டார்ச்சோடு தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டினார். அவரை எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுந்து போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜும் தையல் மெஷினும் போயிற்று, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களைத் துணிக்கொடியில் காயப்போட்டு எடுத்தார்கள்.

இதில் பொய் சொன்னவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பொய் எங்கள் கடற்கரைக்குப் புதிதா என்ன? 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். நாலே நாளில், டிசம்பர் 30 அன்று, மறுபடி சுனாமி வருகிறது என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட, தேவனாம்பட்டினத்திலிருந்து கரையோரம் முழுக்க ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவன் நான். ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கணிப்பை நம்பிச் சொல்லிவிட்டார்கள். ஃபேஸ்புக் அப்போது அமெரிக்கக் கல்லூரிகளைத் தாண்டவில்லை, வாட்ஸ்அப் பிறக்கவே இல்லை.

ஆனால் அந்தப் பிழைக்கு ஒரு விலாசம் இருந்தது. யார் சொன்னது என்று தெரியும், சில மணி நேரத்தில் அதே அரசு அதை மறுத்தது, பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அப்புறம் அந்த அவமானமும் சேர்ந்துதான், 2007இல் ஹைதராபாத்தில் நமக்கென்று ஒரு சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை கொடுத்தார்கள், கரையோரத்தில் ஆட்களை விலக்கினார்கள், ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அவர்களே திரும்பப் பெற்றார்கள். தவறு செய்தவனைத் திட்ட முடிந்தால்தான் அடுத்த தடவை சரியாகும். ஃபார்வர்டில் யாரைத் திட்டுவது? அத்தையைக் கேட்டால் "எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்" என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட.

சரி, இது ஜனங்களின் குணம், இயந்திரம் என்ன செய்யும் என்று ஒரு வாதம் உண்டு. பாதிதான் சரி. 2018இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் ட்விட்டரில் பத்தாண்டுக்கு மேல் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல், 1,500 பேரை எட்டுவதற்கு உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதை 'பாட்' எனும் தானியங்கிக் கணக்குகள் செய்யவில்லை, மனிதர்கள்தான் செய்தார்கள் என்றும் எழுதினார்கள். பொய்யில் புதுமை அதிகம், ஆச்சரியமும் அருவருப்பும் வருகிறது, கை பரபரக்கிறது.

மீதிப் பாதியை நிறுவனங்கள் பார்த்துக்கொண்டன. இவற்றின் வியாபாரம் விளம்பரம். நாம் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறோமோ அவ்வளவு காசு. அதனால் எது நம்மை உட்கார வைக்கிறதோ அது மேலே வரும். ஃபேஸ்புக்கில் 2017இலிருந்து ஒரு பதிவுக்கு விழும் கோபமூஞ்சியை ஐந்து லைக்குக்குச் சமமாக எடை போட்டார்கள் என்பது 2021இல் வெளியான உள் ஆவணங்களிலிருந்து தெரிய வந்தது. மீன் ஏலத்தில் நல்ல மீனைக் கீழே தள்ளிவிட்டு நாற்றம் அதிகமாக வருகிற கூடையை முன்னால் எடுத்து வைத்தால் எப்படி இருக்கும்? இதில் இன்னும் கேவலம், 2020இல் கோபத்தின் எடையைப் பூஜ்ஜியமாக்கினார்கள், பொய்ச் செய்தி குறைந்தது, ஜனங்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிற நேரமும் அப்படி ஒன்றும் குறைந்துவிடவில்லை. முடியாத காரியம் என்று இத்தனை வருஷம் சொன்னது ஒரு எண்ணை மாற்றுகிற வேலைதான்.

வாட்ஸ்அப்பில் இந்த எடைக்கல் இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அழுத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்பதை யார் முடிவு செய்தது? 2018 மே மாதம் நடந்ததை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்கக் கூடாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போகிறது. வழி கேட்க இறங்கிய இடத்தில், 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். அவ்வளவுதான். வடநாட்டுப் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று வாரக்கணக்கில் போனில் பார்த்து வெறி ஏறியிருந்த கூட்டம் அடித்தே அந்த அம்மாவைக் கொன்றது. அவர் பேசியது தமிழ்.

அந்தச் சமயம் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டு, கவனமாக இருங்கள் என்று பலகை காட்டுவார்கள். அந்தப் பின்பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஆளோ குரூப்போ ஐந்துக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளுக்கோ குரூப்புக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்றார்கள், அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. குறைக்க முடியும் என்பது முன்பே தெரியாதா? செய்ய வைக்கத்தான் இத்தனை பிணங்கள் தேவைப்பட்டன.

2023 மார்ச்சில் இதே கதை தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித்தேடி அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள். வேறு மாநிலத்தில் நடந்த கொலையின் காட்சியையெல்லாம் திருப்பூர் என்று ஓட்டினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்க வைத்தது. எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருந்த மூன்று பையன்கள் ஹோலிக்கு ஊருக்குப் போகிறோம் என்று சிமெண்ட் கலவையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஹோலிக்கு அன்றைக்கு எத்தனை நாள் இருந்தது என்று மேஸ்திரி கேட்கவில்லை. அவர்கள் ஊரிலிருந்து அம்மா ஒரு நாளில் ஏழு தடவை போன் பண்ணியிருக்கிறார், அதில் ஒருவன் என்னிடம் காட்டினான். போளூரில் நாம் வடநாட்டானைப் பார்த்துப் பயந்தோம், அவன் அம்மா நம்மைப் பார்த்துப் பயந்தாள்.

இப்போது பிள்ளைகள். என் அண்ணன் மகள் புதுச்சேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நடப்பதற்கு நன்றாக இருக்கும், ஒருநாள் அவளோடு போனேன். காந்தி சிலைக்கு எதிரே அவளும் தோழியும் ரீல்ஸ் எடுத்தார்கள். பதினாறு செகண்டுக்கு நாற்பது நிமிஷம். கடல் பின்னால் வர வேண்டும், ஆனால் காற்றில் முடி மூஞ்சியில் விழக் கூடாது, நடந்து போகிற பெரியவர் சட்டகத்துக்குள் வந்துவிடக் கூடாது. நான் சுண்டல் வாங்கித் தின்று முடித்து இரண்டாவது பொட்டலமும் வாங்கிவிட்டேன். போட்டாள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் முகம் தொங்கிக்கிடந்தது, என்னம்மா என்றால், "பதினோரு லைக்குதான் சித்தப்பா, டெலிட் பண்ணிட்டேன்" என்றாள். அவள் எவ்வளவு அழகாக ஆடினாள் என்று நான் சொன்னது கணக்கிலேயே வரவில்லை. எனக்கு விலாசம் இருக்கிறது, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் அந்தப் பதினொன்றுதான் அவளுக்குச் செய்தி.

இன்ஸ்டாகிராமை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. மூன்றில் ஒரு டீன் ஏஜ் பெண்ணுக்கு உடல் பற்றிய தாழ்வு மனப்பான்மையை நாம் கூட்டுகிறோம் என்று அவர்களுடைய உள் அறிக்கையே 2019இல் எழுதி வைத்திருந்தது, அதுவும் 2021இல் கசிந்தது. கன்னடக் குடும்பத்துப் பிள்ளையான விவேக் மூர்த்தி அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்தபோது, சிகரெட் பெட்டியில் போடுவது போல இதற்கும் எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்று 2024இல் கேட்டார். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் மேடையில் சொல்கிற அளவுக்கு இது முடிந்துபோன விஷயம் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இரண்டு பேர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் தகவலை வைத்துப் பார்த்து, மனநலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் சாதனங்களோடு தொடர்புள்ளது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். தெருவில் நூறு வீட்டின் சராசரித் தண்ணீர் மட்டத்தைச் சொன்னால் என் தங்கை வீட்டுக்குள் எவ்வளவு புகுந்தது என்று எப்படித் தெரியும்? எனக்கு அதைவிட நம்பகமாகப் படும் ஆய்வு இன்னொன்று. 2018இல் அமெரிக்காவில் சுமார் 2,700 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினரைக் காசு கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வைக்கச் சொன்னார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மனசு கொஞ்சம் லேசானது, கொஞ்சம்தான். அரசியல் கருத்துகளில் இருந்த பிளவு குறைந்தது. ஆனால் நாட்டுநடப்பும் குறைவாகவே தெரிந்திருந்தது. கெடுதலும் உபயோகமும் ஒரே குழாயில் வருகின்றன, மூடினால் இரண்டும் நிற்கும். வெள்ளத்தின் போது படகும் பால் பாக்கெட்டும் எங்கே வேண்டும் என்று ஆட்களை ஒருங்கிணைத்ததும் இதே குரூப்புகள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

காசு பிடுங்கும் கதைகளை நான் நீட்டப் போவதில்லை. வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய் என்று ஆரம்பித்து, முதலில் நிஜமாகவே கொடுத்து, பிறகு லட்சத்தை உருவும் டெலிகிராம் குரூப்பில் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்றவர் மாட்டினார். வெட்கத்தில் ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அன்றைக்கே அடித்திருந்தால் பணம் கணக்கு மாறுவதற்குள் கொஞ்சமாவது முடக்கியிருப்பார்கள்.

அரசாங்கம் இறங்கிக் கட்டுப்படுத்தினால் என்ன என்று டீக்கடையில் எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2012 அக்டோபரில் ஒரு சிறுதொழில் முதலாளி, மத்திய அமைச்சர் ஒருவரின் மகனுடைய சொத்து பற்றி ட்விட்டரில் இரண்டு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. போலீஸ் வீடு தேடி வந்து கைது செய்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. கைதுக்குப் பிறகு அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்தப் பிரிவையே 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. "எரிச்சலூட்டுவது" என்றெல்லாம் வார்த்தை போட்டு வைத்தால் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாமே. பெயரோடும் ஊரோடும் எழுதுகிறவன்தான் இம்மாதிரி சட்டத்தில் முதலில் மாட்டுவான், முகம் இல்லாமல் குரல் பதிவு அனுப்பியவன் எங்கோ நிம்மதியாகத் தூங்குவான். சட்டம் பிடிக்க வேண்டியது எழுதுகிறவனின் வாயையா, எந்தச் செய்தியை எத்தனை பேருக்குத் தள்ளுவது என்று தீர்மானிக்கிற கம்பெனியின் கணக்கையா என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். கோபமூஞ்சியின் எடையை யாரும் நம்மிடம் கேட்டு வைக்கவில்லை.

வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மழை, ஆறு, புயல் பற்றி எதைப் போட்டாலும் யார் சொன்னது, நீ கண்ணால் பார்த்தாயா என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். தெரியாவிட்டால் "11" என்று போட வேண்டும், அது என் யோசனை. இரண்டு மாதம் நடந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் குரூப்பில் ஒரு படம், முதுநகர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு. யார் சொன்னது என்ற வரி இல்லை. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கே போய்விட்டேன். கம்பத்தில் ஒன்றும் இல்லை, மேலே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு, கூண்டு ஏத்தலையா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு ஏத்துவாங்க? போன வருஷப் படத்தை எவனாவது போட்டிருப்பான்" என்றார், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

அங்கேயே நின்று டைப் செய்தேன்: "கூண்டு ஏற்றவில்லை. இப்போதுதான் நேரில் பார்த்தேன்." காக்காவோடு கம்பத்தைப் படம் எடுத்தும் போட்டேன். அதற்குள் அந்தப் பழைய படத்தை நம் ஆட்களே நாலு பேர் வேறு குரூப்புகளுக்கு அனுப்பியிருந்தார்கள். என் செய்திக்கு ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. யார் என்று பார்த்தேன், அத்தை. அந்தக் கூண்டுப் படத்தைப் போட்டதும் அவர்தான்.